இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, பகல் ஒன்று நாற்பது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கடல் காற்று இன்னும் கிளம்பவில்லை. தார் இளகி நாற்றம் எடுத்துக்கொண்டிருந்தது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி, கிள்ளைக்குப் போகும் சாலையில், குறுக்கே திரும்பி நின்றுவிட்ட ஒரு மஞ்சள் காரின் பின்சீட்டில் நான் மடங்கிக் கிடந்தேன். முன்சீட்டில் என் மனைவி நெற்றியில் ரத்தத்தோடு சாய்ந்திருந்தாள். அவளுடைய ஒரே தம்பி, காரை ஓட்டி வந்தவன், கதவைத் திறந்து இறங்கினான். அக்காவின் பக்கம் போகவில்லை. முன்சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து டயரை முகர்ந்துகொண்டிருந்தான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் இதிலிருந்துதான் என்னால் தொடங்க முடியும். வேறு இடத்தில் தொடங்கினால் நல்லவனாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கெட்டவன் என்றும் தள்ளிவிட முடியாது. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அக்காவுக்குத் தலைவலி என்றால் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓடி வருவான். ஆனால் எந்த ஒன்றையும் அந்த ஒன்றாகவே அவனால் பார்க்க முடியாது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும்.

"ஒண்ண வச்சுத்தான் ஒண்ணப் பாக்கணும் மாமா. தனியா நிக்கிறது நல்லதா கெட்டதான்னு எவன் சொல்லுவான்?" என்பான்.

நான் பெண் பார்க்கப் போன அன்று அவனுக்கு ஒன்பது வயது. அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை, அதாவது என் மனைவியின் அக்காள் கணவர், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இவன் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். அவரை ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான். "பெரிய மாமாதான் செவப்பு" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கேசரித் தட்டோடு உள்ளே போய்விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அடுத்த நாற்பத்தொன்பது வருடமும் அந்த மனிதருக்குப் பக்கத்திலேயே என்னை நிறுத்தி வைத்திருந்தான். பெரிய மாமா பேரம் பேசுவார், நான் கேட்ட விலையைக் கொடுப்பேன். பெரிய மாமாவுக்கு முடி கொட்டவில்லை, எனக்குக் கொட்டிவிட்டது. அவர் காலமான பிறகாவது ஓய்வான் என்று நினைத்தேன்.

"சாவுல கூடப் பாருங்க மாமா, அவரு படுக்கவே இல்ல. பொசுக்குன்னு போயிட்டாரு. நீங்க எப்புடியோ" என்றான்.

கடலூர் முதுநகரில் அவனுக்கு ஐஸ் ஃபேக்டரி இருந்தது. மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் போகும். நான் கூட்டுறவுத் துறையில் தணிக்கை வேலை பார்த்தவன். கடலூருக்கு வரும்போதெல்லாம் அவனுடைய ஆபீஸ் அறையில் கொஞ்ச நேரம் உட்கார நேரும். மேஜை மீது எப்போதும் இரண்டு காபி இருக்கும், இரண்டு கடைகளிலிருந்து வந்தவை. இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய். இரண்டும் ஆறி, ஆடை படிந்து, ஈ விழுந்து கிடக்கும். ஒரு டம்ளரையாவது அவன் முழுக்கக் குடித்து நான் பார்த்ததில்லை. "இன்னிக்கு பஸ் ஸ்டாண்டுக்காரன் தோத்துட்டான்" என்று தீர்ப்புச் சொல்லி இரண்டையும் தள்ளி வைப்பான். 

அவன் அப்பா, என் மாமனார், இறந்த அன்றும் அப்படித்தான். பிணம் இன்னும் எடுக்கவில்லை. என் காதருகே வந்து, "அப்பாவுக்கு மாலை நாப்பத்தாறு மாமா. பெரியப்பாவுக்கு அம்பதத் தாண்டுச்சு. இன்னிக்கு முகூர்த்த நாளு, பூ வெல ஜாஸ்தி, இல்லன்னா அப்பாதான்" என்றான். அழுதுகொண்டேதான் சொன்னான். கண்ணீர் உண்மையான கண்ணீர். அதனாலேயே எனக்கு அருவருப்பு இன்னும் கூடியது.

அந்த மஞ்சள் காரைச் சென்னையில் யாரோ பணக்காரப் பையனிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கி வந்தான். வேகத்துக்கென்றே செய்த வண்டி. இரண்டே கதவு. தரையோடு தரையாகக் கிடக்கும். அதில் ஏறுவது கிணற்றில் இறங்குவது போல இருக்கும். பின்சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, காலை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வருவதும் அப்படித்தான். முன்னால் இருப்பவர் இறங்கி மடக்கிவிட்டால்தான் உண்டு. அது எப்போதும் என் இடம்.

கார் வந்த பிறகு டயர் பைத்தியம் பிடித்தது. வேகமான கார்களுக்கான வெயில்கால டயர்களை வெளிநாட்டுக்காரர்கள் வரிசையாக ஓட்டி ஒப்பிட்டு, எது சீக்கிரம் நிற்கிறது, எது வளைவில் பிடிக்கிறது, எது கத்துகிறது, எது தேய்கிறது என்று மதிப்பெண் போட்டிருப்பதை ராத்திரி பகலாக ஃபோனில் படித்தான். அவனுக்காகவே யாரோ எழுதி வைத்தது போல இருந்தது.

"நமக்கு வருஷம் பூரா வெயில்தானே மச்சான். எந்த டயரும் வெயில் டயர்தான்" என்றேன்.

"அப்புடிச் சொல்லாதீங்க மாமா. அவுங்களுக்குப் பனிக்கு ஒரு டயரு, வெயிலுக்கு ஒரு டயரு. வெயில் டயர்லயும் ரெண்டு ஜாதி. ஜெர்மன்காரன் மெத்துன்னு இருப்பான், ரோட்டக் கவ்விப் புடிப்பான், சீக்கிரம் தேய்ஞ்சிடுவான். ஜப்பான்காரன் கெட்டி. வருசக்கணக்கா வருவான். ஆனா ஈரத்துல கொஞ்சம் நழுவுவான்."

சொல்லிக்கொண்டே கட்டை விரலை நாக்கில் தொட்டு, டயரின் பள்ளத்தில் வைத்து அழுத்தி, நகத்தடம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பான். பிறகு விரலை முகருவான். அதே கையால் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்து என் முன்னால் நீட்டுவான். அந்த வீட்டில் நான் வடை தின்பதை நிறுத்தியது அப்போதுதான்.

ஈரத்தில் நழுவுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சோதனை வைத்தான். கடலூருக்கு வெளியே, மனை போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு நகரில், நல்ல தார்ச்சாலை இருந்தது. ஃபேக்டரியின் தண்ணீர் லாரியை வரவழைத்து, லாரி காலியாகும் வரை அந்தச் சாலையில் கொட்டச் சொன்னான். கோடை. பக்கத்துத் தெருவில் குழாயில் தண்ணீர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. லாரிச் சத்தம் கேட்டுப் பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். பதினோரு பேர். பிளாஸ்டிக் குடங்கள் பத்தொன்பது. தண்ணீர் சாலையில் ஓடுவதைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

"அம்மா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. டெஸ்ட் நடக்குது" என்று கத்தினான்.

ஒரு பெண் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. "ரோட்டுக்கு ஊத்துறியே சாமி, என்னா மொளைக்கும்?" என்று கேட்டாள்.

"தண்ணி ஐஸ் போடுற தண்ணிம்மா. குடிக்க ஆவாது."

"நீ போடுற ஐஸத்தானே சர்பத்துல போட்டு எங்க புள்ளைங்களுக்குக் குடுக்குறானுங்க. அப்ப ஆவுதா?"

அவனுக்குக் கோபமே வரவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. வண்டியை ஓட்டி வந்து பிரேக் போட்டு நிறுத்தி, அளவு டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, "மாமா, வண்டி நின்ன எடத்துலேர்ந்து புடிங்க" என்றான். பிடித்தேன். பதினோரு பெண்கள் பார்க்க, எழுபத்துமூன்று வயதில், நனைந்த தாரின் மேல் குனிந்து டேப் பிடித்தேன்.

அதிலும் அவனுக்குத் திருப்தியில்லை. முன்சக்கரங்களில் ஒரு நாள் இந்த ஜோடியை மாட்டி, மறுநாள் அந்த ஜோடியை மாட்டி ஓட்டினால் வெயில் மாறிவிடுகிறது, சாலை மாறிவிடுகிறது, ஓட்டுகிறவன் மனநிலைகூட மாறிவிடுகிறது என்றான். ஆகவே இடப்பக்கம் இரண்டு சக்கரத்திலும் ஜெர்மன்காரன், வலப்பக்கம் இரண்டிலும் ஜப்பான்காரன். ஒரே வெயில், ஒரே ரோடு, ஒரே கை. "இதுதான் ஞாயமான போட்டி." டயர் கடைக்காரர் மாட்ட மறுத்துவிட்டார். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், பழி தன் தலையில் விழும் என்று சொல்லிவிட்டாராம். ஃபேக்டரி மெக்கானிக்கை வைத்து மாட்டிக்கொண்டான்.

"ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்ஸ் போட்டுக்கிட்டு ஓடிப் பாரேன்" என்றேன்.

"ஓடிப் பாத்திருக்கேன் மாமா" என்றான். பொய் சொல்லவில்லை.

அவன் தனியாக ஓடி, தனியாக விழுந்திருந்தால் நான் இதை எழுதப் போவதில்லை. என் மனைவிக்கு இடது கண்ணில் விழித்திரையில் நீர் கோத்து, மாதம் ஒரு முறை கடலூர்க் கண் மருத்துவமனையில் கண்ணுக்குள் ஊசி போட வேண்டியிருந்தது. ஆறு மாதம் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அக்காவை நான்தான் கூட்டிப் போய்க் கூட்டி வருவேன் என்று நின்றான். டாக்சி வைத்துக்கொள்ளலாம் என்றேன். "என் தம்பி கார வச்சுக்கிட்டு நிக்கும்போது வாடக வண்டியில போயி எறங்கினா, அவன் மனசு என்னா பாடுபடும்?" என்றாள். டயர் விஷயத்தைச் சொன்னேன். "அவனுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு?" என்றாள். அவனிடமே தனியாகச் சொன்னேன், ஒங்க அக்காவ இந்த வண்டியில ஏத்தாத என்று. "அக்கா சொல்லட்டும், ஏத்தல" என்றான். அக்கா சொல்ல மாட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இரண்டாவது ஊசி முடிந்து திரும்பிய நாள்தான் அந்தப் புதன்கிழமை. இடது கண்ணில் கட்டு. வலது கண் வெளிச்சத்தில் கூசுகிறதென்று அதையும் மூடிக்கொண்டு முன்சீட்டில் சாய்ந்திருந்தாள். நேர் வழியில் போகாமல் பரங்கிப்பேட்டைப் பக்கம் திருப்பினான்.

"ஏன் மச்சான் இந்தப் பக்கம்?"

"நேர் ரோட்டுல டயரு பேசாது மாமா. வளைவுலதான் பேசும்."

வண்டி சறுக்காமல் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று அந்தக் காரில் உண்டு. அதற்கு ஒரு சுவிட்ச். அதை அணைத்தான். எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. "வண்டியோட மூளைய அணைச்சாத்தான் டயரோட மூளை தெரியும்" என்றான்.

அந்த மாதங்களில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் உளுந்து காயும். நெல் அறுத்த வயலில் விதைத்த உளுந்தைப் பிடுங்கி, செடியோடு சாலையின் ஒரு பாதியில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி நெற்று உடைந்து மணி உதிரும். செலவில்லாத களம். போகிறவர்கள் வேகத்தைக் குறைத்து மேலேறிப் போவார்கள், அல்லது விலகிப் போவார்கள். பிரேக் மட்டும் போட மாட்டார்கள். காய்ந்த செடிக்கு அடியில் உருண்டை மணிகள் உருண்டுகொண்டிருக்கும். சைக்கிளில் போகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

வளைவு திரும்பியதும் இடப்பக்கம் முழுக்க உளுந்து. ஒரு பெண் குனிந்து செடியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இவன் பிரேக்கை மிதித்தான். பயந்து மிதித்தானா, பார்க்கலாம் என்று மிதித்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வலப்பக்கச் சக்கரங்கள் பிடித்தன, இடப்பக்கச் சக்கரங்கள் வழுக்கின. கார் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி, உளுந்தையெல்லாம் வாரிக்கொண்டு குறுக்கே நின்றது. என் மனைவியின் தலை கதவுத் தூணில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. தேங்காய் உடைக்கும் சத்தம்.

முன்சீட்டை மடக்கும் பிடியைக் கையால் துழாவினேன், அகப்படவில்லை. "அக்காவப் பாருடா" என்று கத்தினேன். கண்ணாடி வழியே அவன் முதுகு மட்டும் தெரிந்தது. இந்தப் பக்க டயரைத் தடவினான், முகர்ந்தான். எழுந்து சுற்றிப் போய் அந்தப் பக்க டயரைத் தடவினான், முகர்ந்தான். கதவைத் திறந்து என் மனைவியின் தலையைத் தாங்கிப் பிடித்தது உளுந்து புரட்டிய பெண். மயிரிழையில் தப்பியவள். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல. கண்ணத் தொறக்காத" என்று சொல்லிக்கொண்டே முந்தானையை நெற்றியில் வைத்து அழுத்தினாள். அவள் உளுந்து வாய்க்கால் வரை சிதறிக் கிடந்தது.

அவன் என்னருகே குனிந்து கண்ணாடியைத் தட்டினான். முகம் கல்யாண வீடு போல இருந்தது.

"ரிசல்ட் கெடச்சிடுச்சு மாமா. ஜப்பான்காரன் புடிச்சான். ஜெர்மன்காரன் கைவிட்டுட்டான். ஒலகமே மாத்திச் சொல்லுது பாருங்க."

அந்த நிலைமையிலும் என் தணிக்கைப் புத்தி போகவில்லை. "அட முட்டாளே, இடப்பக்கம் உளுந்து கெடந்துச்சு. வலப்பக்கம் வெறும் தாரு. இதுல என்னா போட்டி?" என்றேன்.

நின்று யோசித்தான். சாலையைப் பார்த்தான். முகம் தொங்கியது. அக்காவின் ரத்தத்துக்குத் தொங்காத முகம்.

"வாஸ்தவம் மாமா. செல்லாது. இன்னொரு தடவ பண்ணணும்."

அந்தப் பெண் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். உளுந்துக்கு எவ்வளவு வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "உளுந்த நான் அள்ளிக்கிறேன். மொதல்ல இந்த அம்மாவக் கூட்டிப் போங்க. இந்த ஆளு ஓட்டுற வண்டியில வேணாம்" என்றாள். ஷேர் ஆட்டோ ஒன்றை அவளே நிறுத்தி, என் மனைவியை இறக்கி, சீட்டை மடக்கி என்னையும் வெளியே விட்டு, இருவரையும் ஏற்றிவிட்டாள். சிதம்பரத்தில் ஐந்து தையல். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து, காயத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது என் மனைவி சொன்னாள்: "அந்தப் பொம்பள நல்லவ, பேசிக்கிட்டே இருந்தா. தம்பிதான் ஒரு வார்த்தையும் பேசல. தலையப் புடிச்சவன் விடவே இல்ல. கையி எப்புடிச் சொரசொரன்னு காச்சுக் கெடக்குது பாத்தீங்களா? ஐஸ் தூக்கித் தூக்கி."

அவன் வாழ்க்கையில் ஒரு ஐஸ் கட்டியைத் தூக்கியவனில்லை. பஞ்சை நனைத்துக் கொடுத்தேன்.

"அடுத்த மாசமும் அவனே வரேன்னிருக்கான்" என்றாள். குரலில் சந்தோஷம்.

வேறு வழி இல்லை. கடலூருக்குப் போனேன். அறிவுரை அவனிடம் செல்லாது, அழுகை செல்லாது, ரத்தமே செல்லவில்லை. அவனிடம் செல்லும் ஒரே நாணயத்தை எடுத்தேன்.

"மச்சான், பக்கத்துக்கு ஒண்ணா போட்டு ஓட்டிப் பாத்தாச்சு. நாலும் புதுசா ஒண்ணா இருந்தா எப்புடி ஓடும்னு ஒனக்குத் தெரியுமா? அத வச்சுத்தானே இதச் சொல்ல முடியும்?"

கையிலிருந்த காபி அப்படியே நின்றது. "அட, அதப் பாக்கலியே" என்றான். பிறகு இன்னொரு டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆனா மாமா, ரெண்டு ஜோடி வாங்கி வச்சிருக்கேன். திரும்ப நாலு வாங்குறதுன்னா வீண் செலவு" என்றான்.

"நான் வாங்கித் தரேன்."

முன்பு மறுத்த அதே கடை. ஜெர்மன்காரனும் இல்லை, ஜப்பான்காரனும் இல்லை; கடைக்காரர் கையில் நான்காக இருந்தது எதுவோ அது. நான் பணத்தை எண்ணி வைக்கும்போது அவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, கடைக்காரருக்கும் கேட்கும்படி, "பெரிய மாமாவா இருந்தா ஆயிரமாவது கொறைச்சிருப்பாரு" என்றான்.

மே மாதம் ஒரு தடவை, ஜூன் மாதம் ஒரு தடவை அவளைக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தான். ஜூலையில் காரை விற்றுவிட்டான். நான்கு டயரும் புதுசு என்று சொல்லி நல்ல விலை வாங்கியதாக அவனே ஃபோனில் சொன்னான். மிச்ச இரண்டு ஊசிக்கும் ஃபேக்டரி வேன் வந்தது. அதன் பிறகு ஃபேக்டரியையும் கொடுத்துவிட்டு, மகளோடு இருக்க ஓசூர் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்குப் பேசுகிறான். கடலூரைவிட ஓசூரில் கொசு குறைவாம்.

நான்கு டயர், வால்வு, சக்கரம் நேர்பார்த்த கூலி எல்லாம் சேர்த்து அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். அந்த டயர்களில் என் மனைவி இரண்டு தடவை போனாள், இரண்டு தடவையும் முழுதாக வீடு திரும்பினாள். தடவைக்கு முப்பத்து நாலாயிரத்து இருநூறு.